ஃபேன் ரெகுலேட்டருக்கு அடங்காத அலை பம்ப்

கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கும் பலருக்கும் ஒரு கட்டத்தில் இந்த யோசனை வரும். தொட்டி நீரில் ஓட்டத்தை உண்டாக்கும் அலை பம்ப் ரொம்ப வேகமாகத் தள்ளுகிறது, நடுவில் ஒரு ஃபேன் ரெகுலேட்டரைப் போட்டால் என்ன? போட்டுப் பார்த்தால், முதலில் கொஞ்சம் திருகும் வரை வேகத்தில் எந்த மாற்றமும் தெரியாது. இன்னும் குறைத்தால் உறுமும், நடுங்கும், சட்டென்று நின்றுவிடும். நின்ற பிறகும் காயிலில் கரண்ட் ஓடிக்கொண்டிருப்பதால் பம்ப் சூடாகும்.

சீலிங் ஃபேனில் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார். அதன் ரோட்டார் (உள்ளே சுற்றும் பகுதி), சுழலும் காந்தப்புலத்துக்குச் சற்றுப் பின்தங்கியே ஓடும். வோல்டேஜைக் குறைத்தால் இன்னும் பின்தங்கும், வேகம் குறையும். தொட்டிகளில் போடும் சாதாரண ஏ.சி. பம்ப்பில் ரோட்டாரே ஒரு நிரந்தரக் காந்தம். கரண்டின் திசை மாறும் ஒவ்வொரு முறையும் அது அரைச் சுற்று சுற்றியாக வேண்டும். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் திசை மாறி வருவது என்பதால், இரண்டு துருவக் காந்தம் நிமிடத்துக்குச் சரியாக 3000 சுற்று சுற்றும். 60 ஹெர்ட்ஸ் உள்ள அமெரிக்காவில் அதே பம்ப் 3600 சுற்று ஓடும். வோல்டேஜ் குறையும்போது வேகம் அப்படியே இருக்க, இழுக்கும் பலம் மட்டும் குறைகிறது. தண்ணீரின் எதிர்ப்பைத் தாங்க முடியாத இடத்தில் பிடி நழுவி, பம்ப் நின்றுவிடுகிறது.

இப்படிப்பட்ட பம்ப்பின் இம்பெல்லரைக் கழற்றிக் கையில் பிடித்துத் திருகிப் பாருங்கள். பலவற்றில் இறக்கைப் பகுதி ஏறக்குறைய அரைச் சுற்று லூஸாகச் சுற்றி, பிறகு ‘டக்’கென்று காந்தத்தோடு முட்டும். அது தேய்மானம் கிடையாது. காந்தம் முதலில் பாரமில்லாமல் கிளம்பி ஓட்டத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும், பிறகுதான் தண்ணீரைத் தள்ள வேண்டும் என்பதற்காகவே விட்ட இடைவெளி. டைமர் வைத்து ஏ.சி. பம்ப்பை அடிக்கடி நிறுத்தி ஓட்டினால், ஒவ்வொரு முறையும் அந்த முட்டல் விழுந்து பிளாஸ்டிக் உடைவது இதனால்தான். ஏ.சி. பம்ப்பின் வேகத்தை மாற்ற வேண்டுமென்றால் கரண்டின் ஹெர்ட்ஸையே மாற்ற வேண்டும். சில வாட் பம்ப்புக்கு அந்தச் செலவு வீண்.

வேகத்தை மாற்ற ஏன் இவ்வளவு பாடு என்றால், பவளம் நகர முடியாத உயிர். சாப்பாடு அதைத் தேடி வர வேண்டும், கழிவை வேறு யாராவது எடுத்துப் போக வேண்டும். அதன் மேல்தோலை ஒட்டி மெல்லிய அசையாத நீர்ப்படலம் ஒன்று இருக்கும். ஆக்சிஜனும் கார்பன் டை ஆக்சைடும் அதன் வழியாக ஊறித்தான் உள்ளே வெளியே போக முடியும். முன்னும் பின்னும் ஆடும் நீர் அந்தப் படலத்தை நன்றாக மெலிய வைக்கிறது. ஒரே பக்கமிருந்து ஓயாமல் அடிக்கும் நீரோ முன்பக்கத் திசுவை வருத்தி, பின்பக்கத்தில் அழுக்கைச் சேர்க்கிறது. ஆகவே வேகத்தைக் குறைப்பதைவிட, நேரத்துக்கு ஏற்ப ஏற்றி இறக்குவதுதான் பவளத்துக்கு உதவும். (ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும்: இந்தியாவில் பாறைப் பவளங்கள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு துண்டு எடுத்து வந்தாலும் குற்றம்.)

இதற்குப் பொருத்தமானவை 24 வோல்ட் டி.சி. அலை பம்ப்புகள். பெயர்தான் டி.சி.; உள்ளே இருப்பது மூன்று சுருள் கொண்ட பிரஷ் இல்லாத மோட்டார். தண்ணீருக்குள் போகும் கேபிளில் மூன்று ஒயர் இருந்தால் அடையாளம் கண்டுகொள்ளலாம். வெளியே இருக்கும் கண்ட்ரோலர்தான் மூன்று சுருளுக்கும் மாற்றி மாற்றிக் கரண்ட் கொடுத்து, தானே ஒரு ஹெர்ட்ஸை உண்டாக்குகிறது. காந்தம் எங்கே இருக்கிறது என்பதை, சும்மா இருக்கும் சுருளில் எழும் சிறு வோல்டேஜை வைத்துக் கணிக்கும் கண்ட்ரோலர்கள் உண்டு. மிக மெதுவாகச் சுற்றும்போது அந்த வோல்டேஜ் கிடைக்காது. ஒரு அளவுக்குக் கீழே பம்ப் திக்கித் திணறி நிற்பதற்கு இதுவே காரணம்.

எனவே நாம் சேர்க்கும் எலக்ட்ரானிக்ஸ் அந்த மூன்று ஒயரிலும் கை வைக்கக் கூடாது, 24 வோல்ட் சப்ளையையும் வெட்டி வெட்டிக் கொடுக்கக் கூடாது. சப்ளையை வெட்டினால் கண்ட்ரோலரின் மூளை ஒவ்வொரு முறையும் அணைந்து எழும். சரியான வாசல், வேகக் கட்டளை உள்ளே போகும் இடம். சில கண்ட்ரோலர்களில் 0–10 வோல்ட் உள்ளீடு இருக்கும். 10 வோல்ட் கொடுத்தால் முழு வேகம், பாதி கொடுத்தால் ஏறக்குறைய பாதி.

நாம் புரோகிராம் எழுதி ஓட்டும் சிறு கண்ட்ரோல் போர்டான ஆர்டுயினோ ஊனோ அந்த வோல்டேஜை நேராகத் தராது. நொடிக்குச் சுமார் 490 முறை 5 வோல்ட்டை ஆன்-ஆஃப் செய்யும் துடிப்பைத்தான் தரும். 10 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் சேர்ந்தால் அந்தத் துடிப்பு சமனாகி, சீரான வோல்டேஜ் ஆகும். அதை எல்.எம்.358 என்ற பெருக்கி ஐ.சி. இரட்டிப்பாக்கினால் அதிகபட்சம் 10 வோல்ட். இந்த ஐ.சி.க்கு 12 வோல்ட் சப்ளை கொடுங்கள். தன் சப்ளையைவிட ஒன்றரை வோல்ட் குறைவாகத்தான் அதனால் வெளியே தர முடியும் என்பதால் 9 வோல்ட் அடாப்டர் போதாது. இரண்டு சர்க்யூட்டுக்கும் கிரவுண்ட் ஒன்றாக இருக்க வேண்டும்.

இனி வேலை முழுக்கப் புரோகிராமில். இரவில் தணிக்கலாம், தீனி போடும்போது அடக்கலாம், முன்கூட்டிக் கணிக்க முடியாத ஏற்ற இறக்கம் கொடுக்கலாம். எனக்கு மிகவும் பிடித்தது நிலை அலை. ஊஞ்சலைச் சரியான தருணத்தில் மட்டும் தள்ளுவதுபோல, தொட்டி நீரின் இயல்பான ஆட்டத்தோடு பம்ப்பை இசைத்தால், சிறிய பம்ப் மொத்தத் தண்ணீரையும் ஆட்டிவிடும். ஜெனிவா ஏரி இப்படி ஆடுவதை 19ஆம் நூற்றாண்டில் ஃபோரெல் என்ற சுவிஸ் அறிவியலாளர் விரிவாக ஆராய்ந்தார். அந்த ஏரி ஒருமுறை ஆடி முடிக்கச் சுமார் 73 நிமிடம் ஆகும். நான்கு அடி நீளமும் அரை மீட்டர் ஆழத் தண்ணீரும் உள்ள தொட்டிக்கு, கணக்குப்படி சுமார் 1.35 நொடி. இரண்டு அடி நீளம், 35 சென்டிமீட்டர் ஆழம் என்றால் 0.9 நொடி.

சின்னத் தொட்டியில் சிக்கல் இங்கேதான். 0.45 நொடி ஓடி, 0.45 நொடி அடங்க வேண்டும். மேலே சொன்ன ரெசிஸ்டர்-கெபாசிட்டர் ஃபில்டர் புது வோல்டேஜில் நிலைக்கவே அரை நொடி எடுக்கும். கெபாசிட்டரைக் குறைத்து, துடிப்பின் வேகத்தைக் கூட்ட வேண்டியிருக்கும். அப்படியும் பம்ப்பால் அவ்வளவு சீக்கிரம் ஏறி இறங்க முடியாமல் போகலாம். பெரிய தொட்டியில் கணக்கிட்ட எண்ணில் தொடங்கி, நூறில் ஒரு நொடி அளவில் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். பாறைகள் அந்த எண்ணைச் சற்று நகர்த்தியிருக்கும். இசைவு கிடைத்ததும் இரு ஓரத்திலும் தண்ணீர் மாறி மாறி உயரும், நடுவில் கிடைமட்ட ஓட்டம் அதிகமாக இருக்கும். விளிம்பு வரை நிரப்பிய தொட்டியில் இதைச் செய்யவே வேண்டாம். 300 லிட்டர் என்பது சுமார் 300 கிலோ. அது ஆடும்போது சிலிக்கான் ஒட்டுக்கும் ஸ்டாண்டுக்கும் தொடர்ந்து பளு விழும்.

உப்புநீர்ச் சாரல் படாத உயரத்தில் சர்க்யூட்டை வையுங்கள். கேபிள் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கட்டும். வழியும் சொட்டு அங்கேயே விழுந்துவிடும். தொட்டிக்கான லைனில் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே லைனை வெட்டும் சுவிட்ச்) கட்டாயம் இருக்க வேண்டும்.

டி.சி. பம்ப்பின் இன்னொரு வசதி கரண்ட் போகும்போது தெரியும். மீன்களை முதலில் வாட்டுவது ஆக்சிஜன் குறைவு. மேல்பரப்பு அசைந்தால் போதும், அது ஈடாகும். நீரைத் தள்ளும் சக்தி வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். வேகத்தைப் பாதியாக்கினால் எட்டில் ஒரு பங்குதான் தேவை. 24 வாட் பம்ப்புக்கு அது 3 வாட், கண்ட்ரோலர் இழப்பையும் சேர்த்து 5 வாட் என்று வைத்துக்கொள்ளலாம். தொடராக இணைத்த இரண்டு 12 வோல்ட், 7 ஏ.எச். (ஆம்பியர்-மணி) பேட்டரிகளில் பாதியை மட்டும் பயன்படுத்தினாலும் 84 வாட்-மணி. முழு வேகத்தில் மூன்றரை மணி நேரத்தில் தீர்ந்துபோகும் அந்தச் சேமிப்பு, பாதி வேகத்தில் பதினாறு மணி நேரத்துக்கு மேல் வரும். சார்ஜ் ஆகும்போது அந்த ஜோடி பேட்டரி 27 வோல்ட்டைத் தாண்டும் என்பதால், கண்ட்ரோலர் அதைத் தாங்குமா என்று முன்கூட்டியே பாருங்கள். தாங்காது என்றால் நடுவில் 24 வோல்ட்டை நிலையாகத் தரும் கன்வெர்ட்டர் ஒன்று வேண்டும்.