அங்கீகாரம்: எந்த இடத்தில் எந்தத் தமிழ்ச்சொல்?

"அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளி" என்று ஒரு பலகை சொல்கிறது. "இத்தனை வருடம் எழுதியும் எனக்கு அங்கீகாரம் கிடைக்கவில்லை" என்று ஓர் எழுத்தாளர் வருந்துகிறார். சொல் ஒன்று, பொருள் இரண்டு. அதனால்தான் இதற்கு ஒரே ஒரு தமிழ்ச்சொல்லைத் தேடுகிறவர்கள் திணறுகிறார்கள்.

அங்கீகாரம் வடசொல். அங்கம் என்றால் உறுப்பு. ஒன்றைத் தன் அங்கமாக ஆக்கிக்கொள்வது, தன்னுடையதாக ஏற்பது என்பதே அதன் கருத்து. ஆகவே பள்ளிக்கும் கட்சிக்கும் தொழிற்சங்கத்துக்கும் 'ஏற்பு' அல்லது 'ஒப்புதல்' சரியாகப் பொருந்தும். 'அரசின் ஏற்புப் பெற்ற பள்ளி' என்றால் பொருள் சிறிதும் குறையாது.

எழுத்தாளர் கேட்பது அதுவல்ல. அப்படியானால் புகழா? அதுவும் இல்லை என்றே நினைக்கிறேன். ஏன் என்று தெரிய, புகழ் என்ற சொல்லுக்குள் கொஞ்சம் போக வேண்டும்.

புகழ் நம் சொல். கன்னடத்தில் ஹொகளு, தெலுங்கில் பொகடு என்று அதன் உறவுகள் இன்றும் வழக்கில் உள்ளன. புகல் என்றால் சொல்லுதல். புகழும் அதற்கு நெருங்கிய சொல். பலர் வாயால் சொல்லப்படுவதே புகழ். பழந்தமிழில் இதே பொருளில் வரும் மற்ற சொற்களும் ஒலியைச் சார்ந்தவைதான். இசை என்றால் ஓசை, புகழும் அதுவே. "ஈதல் இசைபட வாழ்தல்" என்கிற குறளில் வரும் இசை பாட்டல்ல, புகழ். அதற்கு எதிர்ச்சொல் வசை. "வசையொழிய வாழ்வாரே வாழ்வார் இசையொழிய வாழ்வாரே வாழா தவர்" என்று வள்ளுவர் இரண்டையும் எதிரெதிரே நிறுத்துகிறார். உரை என்பதற்கும் புகழ் என்ற பொருள் உண்டு. சிலப்பதிகாரப் பதிகம் கண்ணகியை "உரைசால் பத்தினி" என்கிறது. புகழ் நிறைந்த பத்தினி என்பது பொருள். வடமொழிக் கீர்த்திகூட இப்படித்தான். எடுத்துச் சொல்லுதல், பாடுதல் என்ற வேரிலிருந்து வந்தது. கீர்த்தனை அதன் உடன்பிறப்பு. சோழர் கல்வெட்டுகளில் "திருமகள் போலப் பெருநிலச் செல்வியும்" என்று தொடங்கும் முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தி, அரசனின் வெற்றிகளை ஊரறிய எடுத்துச் சொல்லும் பகுதி. தொல்காப்பியம் "சீர்த்தி மிகுபுகழ்" என்று சீர்த்தி என்ற இன்னொரு சொல்லையும் காட்டுகிறது. மிகுந்த புகழ் என்பது அதன் பொருள்.

ஆக, புகழ் ஊர் வாயில் இருக்கிறது. எழுத்தாளர் கேட்பதோ தன் உழைப்பை யாராவது பார்த்து, அதன் தரத்தை அறிந்து மதிக்க வேண்டும் என்பதை. அதற்குத் தமிழில் பொருத்தமான சொல் பாராட்டு. இன்று அதைக் கைதட்டலாகவும் வாழ்த்துரையாகவும் சுருக்கிவிட்டோம். அதன் பழைய அகலம் வேறு வழக்குகளில் அப்படியே இருக்கிறது. நட்புப் பாராட்டுகிறோம், உரிமை பாராட்டுகிறோம், பகை பாராட்டாமல் பழகுகிறோம். இங்கெல்லாம் புகழ்ச்சி எங்கே வந்தது? ஒன்றைப் பொருட்படுத்துவது, மனத்தில் கொள்வது என்பதுதான் பொருள். "பயனுடையார் பண்புபா ராட்டும் உலகு" என்ற குறளையும் இப்படிப் படித்தால் இன்னும் ஆழமாகத் தெரிகிறது: உலகம் அவர்களுடைய பண்பைக் கண்டு போற்றுகிறது.

பேச்சுவழக்கில் இதைவிடக் கூர்மையான ஒன்று இருக்கிறது. "அவரை யாரும் கண்டுகொள்ளவே இல்லை." எழுத்தாளரின் வருத்தம் முழுவதும் இந்த ஒரு வினைச்சொல்லில் அடங்கிவிடுகிறது. பெயர்ச்சொல்லாக வேண்டுமென்றால் 'உரிய மதிப்பு' போதும். சபையில் சொல்லும்போது 'பாராட்டு', எழுத்தில் 'உரிய மதிப்பு', ஆதங்கத்தில் 'கண்டுகொள்ளவில்லை'. என் பரிந்துரை இதுதான்.

விருதும் பட்டமும் அந்த மதிப்பின் அடையாளங்கள். விருது வெற்றிக்கொடியையும் குறித்த சொல். பட்டம் நெற்றியில் கட்டிய பொற்தகடு. அதனால்தான் இன்றும் 'பட்டம் கட்டுவது' என்கிறோம்.

அப்புறம் பிரபலம். வடமொழியில் பிரபல என்றால் மிகுந்த வலிமையுள்ள என்று பொருள். பலம் அதற்குள்ளேயே இருக்கிறது. தமிழில் அது 'எல்லாருக்கும் தெரிந்த' என்றாகி, இப்போது ஆளையே 'ஒரு பிரபலம்' என்று அழைக்கும் அளவுக்கு வந்துவிட்டது. இதைப் 'புகழ்பெற்றவர்' என்று எல்லா இடத்திலும் மாற்றுவது எனக்கு ஒப்புதல் இல்லை. புகழ் நல்லதற்கு மட்டுமே உரியது. "புகழ் எனின் உயிரும் கொடுக்குவர், பழி எனின் உலகுடன் பெறினும் கொள்ளலர்" என்று புறநானூறு அதைப் பழியிலிருந்து அடியோடு பிரித்து வைத்திருக்கிறது. மோசடி செய்து செய்தியில் அடிபட்டவர் எல்லாருக்கும் தெரிந்தவர்தான், புகழ்பெற்றவர் அல்ல. அவருக்கு நம் பேச்சில் ஏற்கெனவே ஒரு சொல் உண்டு: பேர்போனவர். நல்ல மருத்துவரும் பேர்போனவர், திருடனும் பேர்போனவன். பிரபலம் வருகிற பெரும்பாலான இடங்களில் இது தாராளமாக உட்காரும்.