அத்தையின் சேற்றுப்புண்ணும் இரண்டு எண்களும்

ஐப்பசியில் மன்னார்குடி போயிருந்தபோது அத்தை ஒரு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை நீட்டினார். டிஎஸ்ஹெச் 6.9, ஹெச்எஸ்-சிஆர்பி 6.2. அளவைத் தாண்டியதால் இரண்டும் தடித்த எழுத்தில். "தைராய்டு வந்து நெஞ்சு வரைக்கும் போயிடுச்சாம்டா" என்றார். யாரோ சொல்லிப் பயமுறுத்தியிருக்கிறார்கள்.

டிஎஸ்ஹெச் என்பது, தைராய்டு சுரப்பியை வேலைவாங்க மூளையடியில் உள்ள பிட்யூட்டரி அனுப்பும் ஹார்மோன். மாடு சுணங்கினால் உழவர் அதட்டுகிற சத்தம் கூடுமே, அப்படி. அத்தைக்கு ஃப்ரீ டி4, அதாவது ரத்தத்திலுள்ள தைராய்டு ஹார்மோன், சரியாகவே இருந்தது. ஏர் பழைய வேகத்தில்தான் ஓடுகிறது, அதட்டல் மட்டும் கூடியிருக்கிறது. லேசான தைராய்டு குறைவு என்பது இந்த நிலைதான்.

இதனால் இதயத்துக்கு என்ன? ரத்தத்திலுள்ள எல்டிஎல் என்னும் கெட்ட கொழுப்பைக் கல்லீரல் செல்கள் தம் மேலுள்ள ஏற்பிகளால் பிடித்து உள்ளே இழுக்கின்றன. அந்த ஏற்பிகள் போதுமான அளவு உருவாகத் தைராய்டு ஹார்மோன் வேண்டும். அது குறையக் குறைய எல்டிஎல் ரத்தத்திலேயே தங்கும். இந்த வழி நன்றாக நிறுவப்பட்டது.

சிஆர்பி கதை வேறு (ஹெச்எஸ்-சிஆர்பி என்பது அதையே நுட்பமாக அளக்கும் பரிசோதனை). 1930-இல் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் கண்டறியப்பட்ட புரதம் இது. உடலில் எங்கே அழற்சி வந்தாலும் கல்லீரல் இதைச் சுரக்கும். எங்கே என்று மட்டும் சொல்லாது. ரத்தக்குழாய் அடைப்பை வாய்க்காலில் தூர் சேர்வதுபோல நினைக்கிறோம். உண்மையில் அது கரைக்குள் நடக்கும் சேதம். குழாய்ச் சுவருக்குள் கொழுப்பு புக, அதைத் தின்ன வரும் வெள்ளணுக்களால் அழற்சி மூள, நண்டு வளை விழுந்த கரைபோல அந்த இடம் பலவீனமாகிறது. ஒருநாள் உடைப்பெடுக்கிறது, அங்கே உறையும் ரத்தம்தான் மாரடைப்பு. 2017-இல் கேன்டோஸ் ஆய்வில், ஏற்கெனவே மாரடைப்பு வந்த பத்தாயிரம் பேரிடம், கொழுப்பைத் தொடாமல் அழற்சியை மட்டும் குறைத்த மருந்து இதய நோய் நிகழ்வுகளைக் குறைத்தது. ஆக, அழற்சிக்கு இதில் பங்குண்டு.

ஆனால் லேசான தைராய்டு குறைவுதான் சிஆர்பியை ஏற்றுகிறதா? சில ஆய்வுகளில் கூடுதலாக இருந்தது, சிலவற்றில் இல்லை. உடல் பருமனே இரண்டையும் ஏற்றக்கூடியது. தைராய்டு மாத்திரை போட்டால் சிஆர்பி இறங்கும் என்ற உறுதியும் இல்லை. 55,000-க்கும் மேற்பட்டவர்களின் தரவைச் சேர்த்துப் பார்த்த 2010 ஆய்வில், இதய நோய் ஆபத்து தெளிவாகக் கூடியது டிஎஸ்ஹெச் 10-ஐத் தொட்டவர்களுக்கும் தாண்டியவர்களுக்கும்தான். (கர்ப்பிணிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது; அவர்கள் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.)

அத்தையின் காலைப் பார்த்தேன். தாளடி நடவு முடிந்த வாரம். விரலிடுக்கில் தோல் வெளுத்து ஊறி, வெடித்து, நீர் கசிந்துகொண்டிருந்தது. சேற்றுப்புண். அதோடுதான் ரத்தம் கொடுத்திருக்கிறார். எனக்கு மனசு பதறியது. யாருமே காலைப் பார்க்கச் சொல்லவில்லை. இதயத்துக்காக சிஆர்பி பார்ப்பதென்றால் காய்ச்சலும் புண்ணும் இல்லாத நாளில் பார்க்க வேண்டும். காரணம் நீங்கிவிட்டால், அது ஒரு நாளுக்குள்ளேயே பாதியாகக் குறையத் தொடங்கிவிடும்.

தையில் மறுபடி பார்த்தோம். சிஆர்பி 1.3, டிஎஸ்ஹெச் 6.1. டாக்டர் அந்த இரண்டையும் தாண்டி 152 என்றிருந்த எல்டிஎல்லில் விரலை வைத்தார். "இதைத்தான் பேசணும்மா" என்றார்.