தார்ச்சாலையில் பூட்டிய டிஃப்ரென்ஷியல் வேண்டாம்

பின் டிஃப்ரென்ஷியலை, அதாவது வளைவில் இரு பின்சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற இடம் கொடுக்கும் கியர் தொகுதியை, உள்ளே வெல்டு வைத்துப் பூட்டிய மற்றொரு ஜீப், குலசேகரம் பக்கத்திலிருந்து மார்த்தாண்டத்திலுள்ள எங்கள் பட்டறைக்கு இழுத்து வரப்பட்டது. இடப்பக்கச் சக்கரத்தைச் சுழற்றும் தண்டான ஆக்சில் முறிந்திருந்தது. வெளியே எடுத்துப் பார்த்தபோது, நேர்க்கோட்டில் நிற்க வேண்டிய அதன் முனையிலுள்ள ஸ்ப்ளைன் பற்கள் முறுக்கிய கயிற்றைப் போலத் திருகியிருந்தன; ஒரே நாளில் உடைந்ததல்ல, ஒவ்வொரு வளைவிலும் முறுக்கப்பட்டுப் பல மாதங்களாகச் சோர்ந்துபோன ஆக்சில் அது. கியர் ஆயிலை வடித்தபோது வெல்டிலிருந்து உதிர்ந்த துணுக்குகளும் சேர்ந்தே வந்தன. "மழைக்காலத்தில் நல்ல கிரிப் கிடைக்கும் என்றுதான் அண்ணே செய்தேன்" என்றார் அந்த இளைஞர். இதே பதிலை எத்தனை பேரிடம்தான் கேட்பது?

பூட்டுவதால் கிரிப் கூடிவிடாது. கிரிப் என்பது டயருக்கும் சாலைக்கும் இடையில் உள்ளது. டிஃப்ரென்ஷியலை மூடியிருக்கும் ஹவுசிங்குக்குள் எதை வெல்டு வைத்தாலும் அது ஒரு துளியும் அதிகரிக்காது. இருக்கும் கிரிப்பை எந்தச் சக்கரம் எவ்வளவு பயன்படுத்துகிறது என்பதை மட்டுமே பூட்டு மாற்றுகிறது. ஒரு சக்கரம் சேற்றிலும் மற்றது கெட்டி மண்ணிலும் நிற்கும்போது அந்த மாற்றம் வண்டியை மீட்கும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இரண்டு சக்கரங்களும் நனைந்த தாரில் ஓடும்போது அதே பூட்டு, இருக்கும் கிரிப்பில் ஒரு பங்கை வீணடிக்கவே செய்கிறது.

வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் கூடுதல் தூரம் ஓடுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு என்பதைத்தான் யாரும் கணக்கிட்டுப் பார்ப்பதில்லை. பின்சக்கரங்களுக்கு இடையே 1.5 மீட்டர் இருக்கும் வண்டி 90 டிகிரி திரும்பினால், வெளிச்சக்கரம் ஏறக்குறைய 2.35 மீட்டர் அதிகமாக ஓட வேண்டும். வளைவு அகலமானாலும் குறுகலானாலும் இந்த வேறுபாடு மாறாது. 75 சென்டிமீட்டர் விட்டமுள்ள டயரின் சுற்றளவும் கிட்டத்தட்ட அதுவேதான் என்பதால், ஒரு தெருமுனையில் திரும்புவதற்கே ஒரு முழுச் சுற்று வேறுபட வேண்டும். கொண்டை ஊசி வளைவில் இரண்டு சுற்று. பூட்டிய வண்டியில் அந்தச் சுற்றுக்கு இடமே இல்லை. டயர் வழுக்கித் தேய வேண்டும், இல்லையென்றால் ஆக்சில் முறுக வேண்டும். ரப்பர் தோட்டத்து மண்ணில் டயர் எளிதாக வழுக்கிவிடுவதால் உங்களுக்கு ஒன்றும் தெரிவதில்லை. அங்கே நன்றாக ஓடியது என்பதற்காக அதே வண்டியைத் தக்கலை வழியாக நாகர்கோவிலுக்கு ஓட்டிச் செல்வதுதான் தவறு.

காய்ந்த தாரில் டயர் கிறீச்சிடும், ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேராகவே போகப் பார்க்கும். பேருந்து எதிரே வரும் குறுகிய வளைவில் அந்த ஒன்றே போதும். மழையில் நடப்பது வேறு. சாதாரண டிஃப்ரென்ஷியலில் ஒரு சக்கரம் வழுக்கிச் சுற்றினாலும் மற்றது உருண்டபடியே வண்டியின் பின்பகுதியைப் பக்கவாட்டில் பிடித்து நிற்கும். பூட்டிய வண்டியில் இரண்டும் ஒன்றாகவே பிடியை விடும், பின்பகுதி வெளியே வீசும். முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம் (வீல்பேஸ்) குறைந்த ஜீப்பில் அதைத் திருத்தி நிமிர்த்த நேரமே கிடைக்காது. இரண்டு பருவமழைகளையும் பெறுகிற, மரநிழலில் சாலை எளிதில் உலராத மாவட்டத்தில் இருந்துகொண்டு, மழைக்காகவே இதைச் செய்கிறோம் என்பவர்களை என்னவென்று சொல்வது?

"கம்பெனியே லாக் கொடுக்கிறதே" என்பது அடுத்த வாதம். கொடுக்கிறது, விடுபடும் வழியோடு சேர்த்துத்தான் கொடுக்கிறது. சில மஹிந்திரா தார் (Thar) வண்டிகளில் உள்ள மெக்கானிக்கல் லாக், இரு பின்சக்கரங்களின் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று வேறுபட்டால் தானாகப் பூட்டிக்கொள்ளும். மணிக்குச் சுமார் 32 கிலோமீட்டரைத் தாண்டினால் பூட்டாது. சுவிட்ச் உள்ள வண்டிகள் பலவற்றில், மெதுவாக அதிக இழுவையோடு ஓடும் லோ ரேஞ்சில் மட்டுமே லாக் விழும். வெல்டுக்கு விடுபடத் தெரியாது. சுவிட்ச் இருந்தும் அணைக்க மறப்பவர்கள் தனி வகை: குவாரியிலிருந்து ஏறி வரும் டிப்பர் ஓட்டுநர்களே, தாரைத் தொடுவதற்கு முன் லாக் விழுந்திருப்பதைக் காட்டும் விளக்கு அணைந்துவிட்டதா என்று தயவுசெய்து பாருங்கள்.

வெல்டிங் கடைக்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள். டிஃப்ரென்ஷியலுக்குள் இருக்கும் சிறு பற்சக்கரங்களான ஸ்டார் கியர்கள் மேற்பரப்பு கடினமாக்கப்பட்ட எஃகு. சாதாரண வெல்டிங் ராடால் அவற்றில் வைக்கும் வெல்டு விரிசல் விடும், உதிர்ந்த துண்டு கிரவுன், பினியன் என்ற முக்கியப் பற்சக்கரங்களுக்கு இடையில் போய்ச் சிக்கும். ஆக்சிலே சக்கரத்தையும் தாங்குகிற செமி ஃப்ளோட்டிங் வண்டிகளில் அது வெளிமுனையில் முறிந்தால் சக்கரமே கழன்று ஓடிவிடக்கூடும். வேலையைத் தேடி வருபவரைத் திருப்பி அனுப்புவது கடினம்தான். இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

தோட்டத்துக்குள் போவதுதான் தேவை என்றால் முதலில் நல்ல மட் டயர் போடுங்கள். சேற்றில் இறங்கும்போது காற்றைக் குறைத்து, தாருக்குத் திரும்பியதும் மறக்காமல் நிரப்புங்கள். பெரும்பாலோருக்கு இதுவே போதும். போதாதவர்கள் செலவைப் பார்க்காமல், வேண்டும்போது போட்டு வேண்டாதபோது எடுக்கக்கூடிய லாக்கரை வாங்கிப் பொருத்துங்கள்.

பழைய ஜீப் வாங்குபவர்கள் பணம் கொடுப்பதற்கு முன் இதைச் சோதித்துப் பார்க்க வேண்டும். சமதரையில் முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்பக்கம் இரண்டையும் ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து ஹேண்ட் பிரேக்கை விடுவியுங்கள். ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றினால் மற்றது எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். அதே திசையில் சுற்றினால் உள்ளே ஏதோ ஒரு வகை லாக் அல்லது, பாதி பூட்டுபோல் வேலை செய்யும் லிமிடெட் ஸ்லிப் இருக்கிறது. அது கம்பெனி கொடுத்ததா, யாரோ வெல்டு வைத்ததா என்பதை ஹவுசிங் மூடியைக் கழற்றிப் பார்க்காமல் வாங்காதீர்கள். பூட்டிய வண்டியில் ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கிவைத்து எஞ்சினை ஓட்டி கியர் போடவும் கூடாது. தரையில் இருக்கும் மற்றச் சக்கரம் வண்டியை ஜாக்கியிலிருந்து இழுத்துத் தள்ளிவிடும்.