போனை உடைத்தது எந்த கேம்?

திரை முழுக்க விரிசல் விட்ட போனை என் மேசைமேல் வைத்துவிட்டுத்தான் அந்த அப்பா உட்கார்ந்தார். பக்கத்தில் 13 வயது மகன். தலையைத் தூக்கவே இல்லை. "சுட்டுத் தள்ளுற கேமா ஆடி ஆடி இவனும் அப்படியே ஆயிட்டான் மேடம். வைஃபையை ஆஃப் பண்ணினேன், போனைத் தூக்கி சுவத்துல அடிச்சிட்டான்" என்றார். (அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

மனநல ஆலோசகராக இந்தப் புகாரை நான் பல வருடங்களாகக் கேட்டுவருகிறேன். சட்டென்று பதில் சொல்வதில்லை. பையனிடம் ஒன்று மட்டும் கேட்டேன்: "அன்னைக்கு சாயந்திரம் என்ன கேம் ஆடிட்டு இருந்தே?"

"ஃபுட்பால்."

அப்பா திரும்பிப் பார்த்தார். ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருந்திருக்கிறது, இவன் ஒரு கோல் முன்னிலை. ஆன்லைன் ஆட்டத்தை நடுவில் நிறுத்தி வைக்க முடியாது. நெட் போனால் தோற்றதாகத்தான் கணக்கு, ரேங்க்கும் இறங்கும். சுடும் கேம்களும் அவன் ஆடுவதுண்டுதான். ஆனால் போன் சுவரில் மோதிய அன்று திரையில் துப்பாக்கியும் இல்லை, ரத்தமும் இல்லை.

வன்முறை கேம் பற்றிய பயம் புதிதல்ல. 1976-இல் 'டெத் ரேஸ்' என்ற ஆர்கேட் கேம் (காசு போட்டு ஆடும் இயந்திர கேம்) வந்தது. குச்சி குச்சியான உருவங்களைக் காரால் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். இன்று பார்த்தால் சிரிப்பு வரும். அன்றைக்கு அமெரிக்காவில் அது பெரிய சர்ச்சை. 1993-இல் 'மோர்ட்டல் காம்பாட்' போன்ற கேம்களை வைத்து அமெரிக்க செனட்டில் விசாரணையே நடந்தது. அடுத்த ஆண்டே கேம் அட்டைகளில் வயது வரம்பு அச்சிடும் ஏற்பாடு வந்தது. 1999 கொலம்பைன் பள்ளித் துப்பாக்கிச்சூட்டுக்குப் பிறகு, சுட்ட இருவரும் 'டூம்' என்ற சுடும் கேமை ஆடியவர்கள் என்பது உலகெங்கும் பேச்சானது. அந்த வயதுப் பையன்களில் யார்தான் கேம் ஆடவில்லை? கொலை செய்தவன் காலையில் பல் தேய்த்தான் என்று சொல்வதைப் போலத்தான் எனக்கு அது படும்.

சரி, ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன? இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும், ஏனென்றால் இரண்டு தரப்பும் தனக்கு வசதியானதை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

ஆய்வகத்தில் யாரையும் நிஜமாக அடிக்கவிட முடியாது. அதனால் மாற்று வழிகளில் ஆக்ரோஷத்தை அளக்கிறார்கள். 2000-இல் வெளிவந்த, அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஆய்வை கிரெய்க் ஆண்டர்சனும் கேரன் டில்லும் செய்தார்கள். கல்லூரி மாணவர்களில் சிலர் 'வுல்ஃபன்ஸ்டைன் 3டி' என்ற சுடும் கேமையும், மற்றவர்கள் 'மிஸ்ட்' என்ற அமைதியான புதிர் கேமையும் ஆடினார்கள். பிறகு ஒரு போட்டி: ஜெயித்தால் எதிராளியின் காதில் இரைச்சலைப் பாய்ச்சலாம். சுடும் கேம் ஆடியவர்கள் அந்தப் பொத்தானைச் சற்றே அதிக நேரம் அழுத்தினார்கள். வேறு ஆய்வுகளில், காரம் பிடிக்காத ஒருவருக்கு எவ்வளவு காரச் சாஸ் ஊற்றிக் கொடுக்கிறார்கள் என்று அளந்திருக்கிறார்கள். அளவீடு என்ற வகையில் இவை பயனற்றவை அல்ல. ஆனால் ஒரு பொத்தானைக் கூடுதல் நேரம் அழுத்துவதும் ஒருவரைக் கத்தியால் குத்துவதும் ஒரே கோட்டின் இரண்டு முனைகள் என்று எடுத்துக்கொண்டால் எங்கோ இடறுகிறது.

மறுபக்கம், 'எந்தப் பாதிப்புமே இல்லை' என்று கேம் பிரியர்கள் சொல்வதும் சரியில்லை. 2018-இல் 24 ஆய்வுகளை, 17,000-க்கும் மேற்பட்ட இளையோரின் விவரங்களை, ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, வன்முறை கேம் ஆடுபவர்களிடம் காலப்போக்கில் அடிதடிப் போக்கு கொஞ்சம் கூடுவது தெரிந்தது. கொஞ்சம்தான், ஆனால் பூஜ்யம் இல்லை. அடுத்த ஆண்டே ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ பிஷிபில்ஸ்கி குழு, 14, 15 வயதுள்ள ஆயிரம் பிரிட்டிஷ் பிள்ளைகளிடம் ஆய்வு செய்தது. எப்படிக் கணக்கிடுவோம் என்பதை முன்கூட்டியே பதிவுசெய்துவிட்டு, பிள்ளைகளின் நடத்தையைப் பெற்றோரிடம் கேட்டார்கள். வன்முறை கேமுக்கும் ஆக்ரோஷத்துக்கும் தொடர்பு எதுவும் கிடைக்கவில்லை. 2020-இல் அமெரிக்க உளவியல் சங்கம் தன் தீர்மானத்தைத் திருத்தியபோது, கத்துவது, தள்ளுவது போன்றவற்றோடு சிறிய தொடர்பு இருக்கிறது, நிஜ வன்முறைக்குக் காரணம் என்று சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை என்றது.

கோபம், ஆக்ரோஷம், வன்முறை மூன்றும் வேறு வேறு. செய்திகளில் மூன்றையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டிவிடுகிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு 2014-இல் வந்தது. அதையும் செய்தது பிஷிபில்ஸ்கியும் சக ஆய்வாளர்களும்தான். 'டெட்ரிஸ்' தெரியுமல்லவா, மேலிருந்து விழும் கட்டங்களை அடுக்குவது? அதில் வேண்டுமென்றே, வருகிற கட்டமெல்லாம் பொருந்தாமல் போகும்படி மாற்றிவிட்டார்கள். ஆடியவர்களுக்கு ஆக்ரோஷ உணர்வு ஏறியது. ரத்தம் வேண்டியதில்லை, தன் திறமை செல்லாமல் போகிறது என்ற எரிச்சலே போதும். அந்த ஃபுட்பால் ஆட்டத்தில் கடைசி இரண்டு நிமிடத்தில் நடந்ததும் இதற்குக் கிட்டத்தட்ட சொந்தம்தான்.

அதனால் பெற்றோர் வந்தால் கேமின் பெயரைவிட வேறு சிலவற்றைத்தான் நான் அதிகம் கேட்கிறேன். இரவு எத்தனை மணிக்குப் படுக்கிறான்? ஹெட்ஃபோனில் யாரோடு பேசுகிறான்? முகம் தெரியாத பெரியவர்கள் அந்த வாய்ஸ் சாட்டில் பேசும் கெட்ட வார்த்தைகளைக் கேம் தயாரித்தவர்கள் எழுதிக்கொடுக்கவில்லை. கேமை விட்டால் அவனுக்கு வேறு எதில் சந்தோஷம்? அப்புறம், கடைசியாகத் தயங்கித் தயங்கிக் கேட்பது: வீட்டில் யாராவது யாரையாவது அடிக்கிறார்களா? அந்த அப்பா இந்த இடத்தில்தான் கொஞ்சம் அமைதியானார். வைஃபையை நிறுத்துவதற்கு முன் இரண்டு அடி போட்டிருக்கிறார்.

நானும் கவலைப்படுகிற இடங்கள் உண்டு. 18 என்று அட்டையில் போட்ட கேமை 8 வயதுக் குழந்தை ஆடினால் நிறுத்தத்தான் சொல்வேன். கொலைகாரனாகிவிடும் என்பதற்காக அல்ல, ராத்திரி பயந்து எழும் என்பதற்காக. பிராணிகளை வதைப்பது, 'இன்னாரை இப்படிச் செய்வேன்' என்று ஆளும் வழியும் குறித்துப் பேசுவது, இதெல்லாம் தெரிந்தால் உடனே நிபுணரைப் பார்க்க வேண்டும், அந்தப் பிள்ளை வாழ்நாளில் ஒரு கேமும் ஆடியிராவிட்டாலும். சாப்பாடு, தூக்கம், படிப்பு எல்லாம் போன பிறகும் நிறுத்த முடியாமல் ஏறக்குறைய ஒரு வருடம் ஓடினால், அதை உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலிலேயே சேர்த்திருக்கிறது. அங்கேயும் சிக்கல் கட்டுப்பாடு கைநழுவியதுதான். கேமில் துப்பாக்கி இருக்கிறதா என்று அந்த வரையறை கேட்பதில்லை.

அப்பாவிடம் ஒரே ஒரு மாற்றம் கேட்டேன். வைஃபையில் கை வைக்கும் முன் "இந்த மேட்ச் முடிய எவ்வளவு நேரம்?" என்று கேளுங்கள், அது முடிந்ததும் போன் உங்கள் கையில். பையனும் தலையாட்டினான்.

நான்கு வாரம் கழித்து வந்தார்கள். போன் திரை இன்னும் மாற்றப்படவில்லை.

"இவன்கூட ஒரு மேட்ச் ஆடிப் பாத்தேன் மேடம். ஆறுக்கு பூஜ்யம்" என்றார் அப்பா.

பையன் முதல்முறையாகச் சிரித்தான். யாருக்கு ஆறு என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

"அஞ்சாவது கோல் விழுந்தப்போ," அப்பா குரலைத் தாழ்த்தினார், "எனக்கே தூக்கிப் போட்டுடலாம்போல இருந்துச்சு."