பல் அடைத்த அன்று ராத்திரி

பல் அடைத்துக்கொண்டு போனவர்கள் அன்றைக்கே போனில் கூப்பிட்டால், கேள்வி பெரும்பாலும் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். மரத்துப்போனது இன்னும் விடலையே, தண்ணி பட்டா சுரீர்னு இருக்கே, கடிச்சா அந்தப் பல்லு மட்டும் முதல்ல இடிக்குதே. இதையெல்லாம் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கும்போதே சொல்லித்தான் அனுப்புகிறோம். ஆனால் பாதி வாய் மரத்து, எச்சில் ஒழுகுகிறதா என்று கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருப்பவருக்கு நாம் சொல்வது எதுவும் காதில் ஏறாது என்று புரிய எனக்குச் சில வருஷங்கள் ஆனது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

முதலில் மரப்பு. கீழ்க்கடைவாய்ப் பல்லுக்கு ஊசி போட்டால் அந்தப் பக்கத்து உதடு, நாக்கில் பாதி, முகவாய் வரைக்கும் மரத்துப்போகும். இரண்டிலிருந்து நாலு மணி நேரம் ஆகும், சிலருக்கு அதற்கு மேலும். உதடு பணியாரம் மாதிரி வீங்கிவிட்டதாகத் தோன்றும், கண்ணாடியில் பார்த்தால் ஒன்றுமே இருக்காது. அது விடும்வரை எதையும் மெல்லாதீர்கள், சூடான காபியும் வேண்டாம். வாய் வெந்தாலும் உங்களுக்குத் தெரியாது.

பெரியவர்களைவிடக் குழந்தைகளிடம்தான் இதில் வம்பு. ஏழு வயசுப் பையன் ஒருவனுக்குச் சாயந்திரம் பல் அடைத்து அனுப்பினேன். ராத்திரி ஒன்பது மணிக்கு அவன் அம்மா போட்டோ அனுப்புகிறார். கீழுதடு தடித்து, உள்பக்கம் வெள்ளையாகப் படர்ந்திருக்கிறது. “சீழ் பிடிச்சிருச்சு மேடம், மெடிக்கல்ல சொல்லி ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுத்துட்டேன்.” சீழும் இல்லை, ஒன்றும் இல்லை. மரத்துப்போன உதடு ரப்பர் மாதிரி இருக்கிறதே என்று பையன் டிவி பார்த்துக்கொண்டே அதை மென்று வைத்திருக்கிறான். அந்த வெள்ளை, கடிபட்ட புண் ஆறும்போது மேலே படியும் ஏடு. பத்து நாளுக்குள் தானாகவே சரியாகிவிடும், ஆன்டிபயாடிக் தேவையில்லை. இப்போதெல்லாம் குழந்தைகளுக்கு ஊசி போட்டால், மரப்பு விடும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்து பேச்சுக்கொடுத்துக்கொண்டிருங்கள் என்று அப்பா அம்மா இரண்டு பேரிடமும் தனித்தனியாகச் சொல்லிவிடுகிறேன்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றோடு வந்து உட்காராதீர்கள். அடைத்து முடித்தபின் மூன்று மணி நேரம் சாப்பிட முடியாமல் போனால் சர்க்கரை இறங்கிவிடும். நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

எப்போது மெல்லலாம் என்பது எதை வைத்து அடைத்தோம் என்பதைப் பொறுத்தது. பல் நிறத்தில், நீல வெளிச்சம் காட்டி அடைப்பது காம்போசிட். வெளிச்சம் பட்டதுமே இறுகிவிடும், மரப்பு விட்டதும் சாப்பிடலாம். ஆனால் முதல் இரண்டு நாள் மஞ்சள் தூக்கலான குழம்பும் பீட்ரூட்டும் கொஞ்சம் குறையட்டும், சாயம் ஏறலாம். வெற்றிலை பாக்கு போடுகிறவர்களுக்கு இந்தச் சலுகையெல்லாம் கிடையாது, கறை எப்படியும் ஏறும். குழந்தைகளின் பால் பல்லுக்கும், பல் தேய்ந்து ஈறோரம் விழும் பள்ளத்துக்கும் பெரும்பாலும் ஜி.ஐ.சி. என்கிற சிமெண்ட் வைப்போம். அது முழுசாக இறுக ஒரு நாள் ஆகும், அதுவரை முறுக்கு, சீடை, கரும்பு எதுவும் அந்தப் பக்கம் போகக்கூடாது. பழைய வெள்ளி அடைப்புக்கும் அதே ஒரு நாள் கணக்குதான். அதில் ஏறக்குறைய பாதி பாதரசம், ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2025 ஜனவரியிலிருந்து பொதுவாக நிறுத்திவிட்டார்கள். அதைக் கேள்விப்பட்டு, இருபது வருஷமாக ஒழுங்காக இருக்கும் வெள்ளியை எடுத்துவிடுங்கள் என்று யாராவது வந்தால், நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். தோண்டி எடுக்கும்போது நல்ல பல்லும் கொஞ்சம் சேர்ந்து போகும்.

அடுத்தது கூச்சம். பல்லின் உள்ளடுக்கில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான நுண்குழாய்கள் நரம்புப் பக்கம் போகின்றன, அவற்றுக்குள் திரவம் இருக்கிறது. சொத்தையைச் சுரண்டும்போது இந்தக் குழாய்களைத் தொடாமல் வேலை செய்ய முடியாது. அதனால் குளிர்ந்த தண்ணீரோ காற்றோ பட்டால் உள்ளே இருக்கும் திரவம் நகர்ந்து நரம்பைச் சீண்டும். இரண்டு மூன்று வாரம் வரை இது இருக்கலாம், நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வரவேண்டும். ஆழமான சொத்தை என்றால் இன்னும் கொஞ்சம் இழுக்கும். கூச்சத்துக்கென்று விற்கும் பேஸ்ட்டை உபயோகிக்கலாம், ஆனால் இரண்டு நாளில் அது வேலை செய்யவில்லை என்று தூக்கிப் போடாதீர்கள், இரண்டு வாரமாவது தேய்க்க வேண்டும்.

சாதாரணக் கூச்சமா, நரம்பு கெட்டுப்போகிறதா என்று வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். ஒரு மடக்குக் குளிர்ந்த தண்ணீர் குடித்து, விழுங்கியபின் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுங்கள். சில விநாடியில் சுரீர் என்பது மறைந்துவிட்டால் பொறுத்திருக்கலாம். தண்ணீர் போனபிறகும் அரை நிமிஷம், ஒரு நிமிஷம் என்று விண்விண் என்று தெறித்துக்கொண்டே இருந்தாலோ, எதுவும் படாமலே வலித்தாலோ, படுத்தால் அதிகமாகி ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்பினாலோ, காத்திருக்க வேண்டாம். இன்னொரு கட்டம் இருக்கிறது: சூடு பட்டால் உயிர் போகும், குளிர்ச்சி பட்டால் அடங்கும். ஒருவர் கையில் ஐஸ் வாட்டர் பாட்டிலோடு உள்ளே வந்தார், இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை ஒரு மடக்கு வாயில் வைத்துக்கொண்டு, பேசவேண்டி வந்தால் மட்டும் விழுங்கினார். வாயைத் திறக்கச் சொல்லும் முன்பே அது ரூட் கேனால், அதாவது வேர் சிகிச்சை, செய்யவேண்டிய பல் என்று தெரிந்துவிட்டது.

“அடைச்சதாலதான் கெட்டுப்போச்சு” என்று இந்த இடத்தில் சண்டை வரும். பெரும்பாலும் சொத்தை நரம்புக்குப் பக்கத்தில் போயிருக்கும், பிழைக்குமா என்று பார்க்கத்தான் அடைத்திருப்போம். சில சமயம் அந்தச் சுரண்டலே, ஏற்கெனவே நொந்துபோயிருந்த நரம்புக்குத் தாங்காமல் போவதும் உண்டு, அதை மறைப்பதற்கில்லை. ஆழமாக இருக்கிறது, பின்னால் வேர் சிகிச்சை தேவைப்படலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லையென்றால் உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

மூன்றாவது, கடித்தால் இடிப்பது. எனக்கு இதில்தான் ஆதங்கம் அதிகம், ஏனென்றால் இது ஐந்து நிமிஷ வேலை, ஜனங்கள் வாரக்கணக்கில் தாங்கிக்கொள்கிறார்கள். அடைத்து முடித்ததும் ஒரு நீலத்தாளைக் கடிக்கச் சொல்வோமே, உயரம் சரிதானா என்று பார்க்கத்தான் அது. ஆனால் வாய் மரத்திருக்கும்போது நீங்கள் வழக்கமாகக் கடிக்கும் மாதிரி கடிப்பதில்லை. வீட்டுக்குப் போய் மரப்பு விட்டு, முதல் வாய் சோறு மெல்லும்போதுதான் தெரியும். மளிகைக்கடை வைத்திருக்கும் ஒருவர், இருபது நாள் ஒரே பக்கமாக மென்றுவிட்டு வந்தார். “போகப் போகப் பழகிடும்னு நினைச்சேன் டாக்டரம்மா.” நீலத்தாளை வைத்தேன். அடைப்பின் மேல் கடுகு அளவுக்கு ஒரே ஒரு புள்ளி அழுத்தமாக விழுந்தது, மற்றப் பற்களில் சாயமே ஒட்டவில்லை. அந்தப் புள்ளியை இரண்டு தடவை லேசாகத் தேய்த்துவிட்டுக் கடிக்கச் சொன்னேன், எல்லாப் பல்லும் சேர்ந்து டக் என்று சத்தம் கேட்டது. மனுஷர் நாலு தடவை கடித்துப் பார்த்துவிட்டு, “இவ்வளவுதானா?” என்றார். அவ்வளவுதான். முடி இழையைவிட மெல்லிசான உயரம்கூடப் பல்லுக்குத் தெரியும். அது தானாகத் தேய்ந்து பழகும் என்று இருந்தால், ஒவ்வொரு கடிக்கும் அந்த ஒரு பல் அடி வாங்கி, வேரைச் சுற்றி வலி வந்துவிடும். இரண்டு நாள் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள், இதற்குக் கூச்சப்பட எதுவுமில்லை.

இரண்டு பல்லுக்கு நடுவே அடைத்திருந்தால் ஓரிரு நாள் ஈறு நோகும். ஆனால் ஒவ்வொரு வேளையும் கறி நாரோ கீரையோ அந்த இடத்தில் மாட்டிக்கொண்டால் அடைப்பு பக்கத்துப் பல்லை ஒட்டி அமையவில்லை என்று அர்த்தம், திரும்ப அடைக்க வேண்டியதுதான். ஊக்கையும் விளக்குமாற்றுக் குச்சியையும் வைத்துக் குத்திக்கொண்டிருந்தால் ஈறும் போய்விடும்.

கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் நனைத்து வைப்பதை நிறையப் பேர் செய்கிறார்கள். நேராக ஈறில் பட்டால் வெந்துபோகும், ஆஸ்பிரின் மாத்திரையைப் பல்லோரம் ஒதுக்கி வைத்தாலும் அதே கதை. கிராம்பு வாசனை அடிக்கிற தற்காலிக அடைப்பு வைத்து அனுப்பியிருந்தால் அதற்குத் தவணை உண்டு. வலி நின்றுவிட்டது என்று தீபாவளிக்கு வைத்ததோடு சித்திரையில் வருகிறார்கள், அதற்குள் அடைப்பு கரைந்து பல்லும் பாதி உடைந்திருக்கும்.

திரும்ப வரும்போது, தாங்க முடிகிற வலியாக இருந்தால், அன்று காலையில் மட்டும் வலி மாத்திரை போடாமல் வாருங்கள். மாத்திரை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தால் தட்டிப் பார்த்தாலும் வலிக்காது, குளிர்ச்சி வைத்துப் பார்த்தாலும் தெரியாது. “நேத்து ராத்திரி உயிர் போச்சு, இப்ப எந்தப் பல்லுன்னே தெரியல” என்பீர்கள், எனக்கும் தெரியாது.