பாப்பாவின் காதும் மாங்காய் மண்டியும்

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். “பாப்பாவுக்குப் பத்து மாசம். நான் தமிழ்ல பேசுறேன், மாமியார் தெலுங்கு, பக்கத்து வீட்டு அக்கா கன்னடம். மூணு பாஷையும் காதுல விழுந்தா புள்ள குழம்பிடும், பேச்சு தள்ளிப் போகும்னு சொல்றாங்க. மாமியார்கிட்ட தெலுங்கு பேச வேணாம்னு எப்படிச் சொல்றது? அதுக்குப் பதிலா போன்ல இங்கிலீஷ் ரைம்ஸ் போட்டு விடலாமா?” கடிதத்தின் கடைசியில் இன்னொரு கேள்வியும் இருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

மாமியாரிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம் அம்மா. அவர் வாய் ஓயாமல் தெலுங்கிலேயே பேசட்டும்.

கருவின் கடைசி மூன்று மாதங்களில் காது வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது என்பது பலருக்கும் தெரிந்திருக்கும். பிறந்து மூன்று நாள்கூட ஆகாத சிசு, தாயின் குரலைக் கேட்பதற்காகத் தான் சப்பும் வேகத்தையே மாற்றிக்கொள்ளும் என்று 1980-இல் ஒரு சோதனை காட்டியது. அதைவிட வியப்பான சங்கதி, உலக மொழிகளின் ஒலிகளைப் பிரித்துக் கேட்கும் திறமை ஒரு கைக்குழந்தைக்குப் பெரியவர்களைவிட அதிகம் என்பது. முதல் பிறந்தநாள் வருவதற்குள் அதில் பெரும்பகுதியை அது கைவிட்டுவிடுகிறது.

இதைத் தெளிவாகக் காட்டியவர்கள் கனடாவில் ஆய்வு செய்த ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும். ஆண்டு 1984. அவர்கள் எடுத்துக்கொண்ட ஒலிகள் நமக்கு நெருக்கமானவை: ஹிந்தியின் த-வும் ட-வும். ‘பத்து’, ‘பட்டு’ இரண்டையும் நாம் குழப்பிக்கொள்வதே இல்லை. ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்ந்தவருக்கு அந்த இரண்டு ஒலிகளும் கிட்டத்தட்ட ஒன்றாகவே கேட்கும்.

பேசத் தெரியாத குழந்தையிடம் இதை எப்படிக் கேட்பது? குழந்தை அம்மாவின் மடியில் இருக்கும். பக்கத்து ஒலிபெருக்கியில் ‘ட, ட, ட’ என்று வந்துகொண்டே இருக்கும். திடீரென்று அது ‘த, த’ என்று மாறும்போது, பக்கவாட்டில் இருக்கும் இருண்ட கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கு எரிந்து ஒரு பொம்மை மிருகம் ஆடும். சில முறை ஆனதும் ‘ஒலி மாறினால் பொம்மை வரும்’ என்று குழந்தை பிடித்துக்கொள்கிறது. அதன் பிறகு மாற்றம் காதில் பட்டதுமே, விளக்கு எரியும் முன்பே தலையைத் திருப்பிக் காத்திருக்கும். அம்மா தன்னை அறியாமல் சாடை காட்டிவிடக் கூடாது என்பதற்காக அவர் காதில் இசை ஓடும். எவ்வளவு எளிமை, எவ்வளவு நேர்மை! ஒரு சோதனையை இத்தனை அழகாகக் கட்ட முடியும் என்று படித்த நாளில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

முடிவு இது: ஆங்கிலம் பேசும் வீட்டின் ஆறேழு மாதக் குழந்தைகளில் பெரும்பாலோர் ஹிந்தியின் த-ட வேறுபாட்டைக் கண்டுபிடித்தார்கள். பத்து, பன்னிரண்டு மாதக் குழந்தைகளில் ஓரிருவர்தான் தேறினார்கள். ஹிந்தி கேட்டு வளரும் குழந்தைகளோ ஒரு வயதை நெருங்கியும் தவறவில்லை.

காதுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. மூளை கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கைச் சொல்லக் கிருஷ்ணகிரி மாங்காய் மண்டியைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

மண்டிக்கு வேலைக்கு வந்த ஒரு புதுப் பையனை நினைத்துக்கொள்ளுங்கள். ‘பெங்களூரா’, ‘செந்தூரா’ என்ற மாங்காய் ரகங்களின் பெயர்களை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. கொட்டிக் கிடக்கும் குவியலை அவன் நீளப்படி வரிசையாக அடுக்குகிறான். குட்டையானவை ஒரு பக்கம் குவிகின்றன, நீளமானவை இன்னொரு பக்கம் குவிகின்றன, நடுத்தரத்தில் நாலைந்துதான் தேறுகின்றன. யாரும் சொல்லாமலேயே அவனுக்குப் புரிந்துவிடும், இது இரண்டு ரகம் என்று. மறுநாள் வரும் லோடில் நடுத்தரக் காய்கள்தான் மிகுதி, மிகக் குட்டையும் மிக நீளமும் கொஞ்சம். இப்போது அவன் ‘ஒரே ரகம், சிறுசு பெருசாக இருக்கிறது’ என்று எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுவிடுவான்.

குழந்தையும் இதைத்தான் செய்கிறது. ஒருவர் ‘ப’ சொல்வது ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும். அந்தச் சிறுசு பெருசுகளை எல்லாம் குழந்தையின் மூளை எண்ணி அடுக்குகிறது. இரண்டு குவியல் தெரிந்தால் இரண்டு ஒலி, ஒரே குவியல் என்றால் ஒரே ஒலி. இது வெறும் உவமை இல்லை. 2002-இல் ஆறு மாத, எட்டு மாதக் குழந்தைகளுக்கு ஒரே ஒலித்தொடரை இரண்டு விதமாகக் கேட்க வைத்தார்கள். ஒரு குழுவுக்கு இரண்டு முனை ஒலிகள் அதிகம், இன்னொரு குழுவுக்கு நடு ஒலிகள் அதிகம். சில நிமிடங்கள்தான். இரு குவியல் கேட்ட குழந்தைகள் பிரித்துக் கேட்டார்கள், ஒரு குவியல் கேட்டவர்கள் பிரிக்கவில்லை. எண்ணத் தெரியாத வயதில் இப்படி ஓர் எண்ணிக்கை!

நாம் குழந்தையிடம் குரலை உயர்த்தி “பசிக்குதாஆஆ செல்லத்துக்கு” என்று இழுக்கிறோமே, அதுவும் இந்தக் கணக்குக்கு உதவி. அமெரிக்க, ரஷ்ய, சுவீடன் தாய்மார்கள் கொஞ்சும்போது உயிரொலிகள் ஒன்றைவிட்டு ஒன்று இன்னும் விலகி ஒலிப்பதை அமெரிக்க ஆய்வாளர் பாட்ரிசியா குல் அளந்து 1997-இல் வெளியிட்டார். குவியல்கள் தள்ளித் தள்ளி இருந்தால் பிரிப்பது சுலபம். கொஞ்சுவதைக் கெட்ட பழக்கம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம்.

இப்போது தேன்கனிக்கோட்டை வீட்டுக்கு வருவோம். ‘பாவம்’ என்று எழுதினால் அது செய்த பாவமா, முகத்தில் காட்டும் பாவமா என்று தமிழ் எழுத்து சொல்லாது. தெலுங்கிலும் கன்னடத்திலும் ப-வுக்கே நான்கு எழுத்து. அந்த வேறுபாடு அவ்வாவின், அதாவது பாட்டியின், வாயிலிருந்து தினமும் வந்தால் பாப்பாவின் மூளை அந்தக் குவியல்களைக் கலைக்காமல் வைத்திருக்கும். ழ-வோ இன்றைய தெலுங்கிலும் கன்னடத்திலும் இல்லை. அது உங்கள் வாயிலிருந்துதான் வர வேண்டும், அதுவும் நீங்கள் ‘வாழைப்பழம்’ என்று சொன்னால்தான். எழுதி வைத்திருப்பதை மூளை எண்ணுவதில்லை. இருமொழி வீட்டுக் குழந்தைக்கு ஒவ்வொரு மொழியிலும் தெரிந்த சொற்கள் தொடக்கத்தில் கொஞ்சம் குறைவாக இருக்கலாம், இரண்டையும் கூட்டினால் குறைவு இல்லை. இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை.

அப்படியானால் ரைம்ஸிலும் ஒலி இருக்கிறதே? 2003-இல் குல் இதைத்தான் சோதித்தார். ஆங்கில வீட்டின் ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு 12 அமர்வுகளில் சீன மொழி. ஒரு குழுவோடு ஒரு மனிதர் தரையில் உட்கார்ந்து பொம்மை காட்டி, புத்தகம் காட்டிப் பேசினார். அதே மனிதர்கள் பேசியதைப் படம்பிடித்து இன்னொரு குழுவுக்குத் திரையில் காட்டினார்கள். நேரில் கேட்டவர்கள் சீன ஒலிகளைத் தைவான் குழந்தைகளுக்கு இணையாகப் பிரித்தார்கள். திரையில் பார்த்தவர்கள் சீனமே கேட்காதவர்கள் நிலையில் இருந்தார்கள். குழந்தையின் மூளை எல்லா ஒலியையும் கணக்கில் சேர்ப்பதில்லை. தன் முகத்தைப் பார்த்து, தான் பார்க்கும் பொருளைப் பார்த்துப் பேசுகிறவரின் ஒலிக்குத்தான் கதவைத் திறக்கிறது. இரண்டு வயது ஆகும் வரை திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னதும் சரிதான்.

பேச்சு வர வேண்டும் என்று நாக்கில் தேனும் வசம்பும் தடவுகிறார்கள், நம் பக்கத்தில் இன்னும் நடக்கிறது. ஒரு வயதுக்குள் தேன் கொடுக்கவே கூடாது. அதில் இருக்கக்கூடிய நுண்ணுயிர் வித்துகள் சிசுவின் குடலில் முளைத்து நரம்பை முடக்கும் நஞ்சை உண்டாக்கலாம். பேச்சு நாக்கிலிருந்து தொடங்குவதில்லை, காதிலிருந்து தொடங்குகிறது. குழந்தை சத்தத்துக்குத் திரும்பவில்லை, ஒரு வயதாகியும் மழலை ஒலி வரவில்லை என்றால் மூன்று மொழிகளைக் குறை சொல்லிக் காலம் கடத்தாமல் அரசு மருத்துவமனையில் காதைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. ஜமைக்காவின் கிங்ஸ்டனில் 1980-களில், வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் வீடுகளுக்குச் சுகாதாரப் பணியாளர்கள் வாரம் ஒரு மணி நேரம் போனார்கள். வீட்டுப் பொருள்களால் செய்த பொம்மைகளோடு எப்படி விளையாடுவது, எப்படிப் பேசுவது என்று தாய்க்குக் காட்டினார்கள். இரண்டு ஆண்டுகள்தான். இருபது ஆண்டு கழித்துப் பார்த்தபோது அந்தக் குழந்தைகளின் சம்பாத்தியம், இந்தப் பயிற்சி கிடைக்காத வீட்டுக் குழந்தைகளைவிட 25 சதவீதம் கூடுதல். 1975-இல் தொடங்கிய திட்டத்தால் நம்மிடம் ஊருக்கு ஊர் பால்வாடி இருக்கிறது. அந்த டீச்சரின் நேரத்தைப் பதிவேடுகள் தின்பதை நான் பார்த்திருக்கிறேன். அவரைப் பதிவேட்டிலிருந்து விடுவித்து, ஊதியத்தை உயர்த்தி, மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளின் வீட்டுத் திண்ணைக்கு அனுப்ப வேண்டும். தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. ஓர் ஒலிபெருக்கி, ஒரு கண்ணாடிப் பெட்டி, ஒரு பொம்மை, சம்பளத்தோடு இரண்டு ஆய்வாளர்கள். மூன்று மொழி கேட்கும் ஓசூர்க் குழந்தைகளைப் பற்றி உலகத்துக்கு நாமே சொல்லலாம். அதற்குப் பணம் ஒதுக்குவது வீண் செலவு என்று எவரும் என்னை நம்ப வைக்க முடியாது.

கடிதத்தின் கடைசிக் கேள்வி: “இவங்க அப்பா பெங்களூர்ல சென்ட்ரிங் வேலை. ராத்திரி வீடியோ கால்ல கொஞ்சுறாரு. அதுவும் திரைதானே, நிறுத்திடணுமா?”

நிறுத்த வேண்டாம். இரண்டு வயதுக் குழந்தைகளுக்குப் புதுச் சொற்களைக் கற்றுக்கொடுத்து 2014-இல் ஒரு சோதனை நடந்தது. பதிவு செய்த படத்தில் கற்கவில்லை, நேரலை வீடியோ அழைப்பில் கற்றார்கள். அழைப்பில் இருப்பவர் குழந்தை சிரித்தால் சிரிக்கிறார், கை காட்டினால் ‘என்னடா அது’ என்கிறார். பாப்பாவுக்கு இன்னும் அந்த வயது ஆகவில்லை, ஆனாலும் அப்பா அழைக்கும்போது போனை எங்காவது சாய்த்து வைத்துவிட்டுப் போகாமல் நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். அவர் ‘நாய்க்குட்டி எங்கே’ என்று கேட்டால் நீங்கள் அதை எடுத்துக் காட்டுங்கள். படம் நின்று நின்று வந்தால் அப்பாவின் பதில் பிந்திப் போகும், அதற்குள் பாப்பாவின் பார்வை வேறு பக்கம் திரும்பிவிடும். சிக்னல் நன்றாக இருக்கும் இடத்துக்கு, மொட்டை மாடிக்கோ வாசலுக்கோ, பாப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்ப் பேசுங்கள்.