இயக்குநீர்க் குலைப்பி: சொல் விளக்கம்

உடலுக்கு வெளியிலிருந்து வந்து ஹார்மோன்களின் வேலையைக் கெடுக்கும் பொருளுக்கு ஆங்கிலத்தில் 'எண்டோகிரைன் டிஸ்ரப்டர்' என்று பெயர். அதைத் தமிழில் நாளமில்லாச் சுரப்பிச் சீர்குலைப்பான் என்றும் ஹார்மோன் சீர்குலைப்பான் என்றும் எழுதுகிறார்கள். 'இயக்குநீர்க் குலைப்பி' என்பதே எங்கள் தேர்வு.

கிரேக்கத்தில் 'எண்டான்' என்றால் உள்ளே; 'கிரினீன்' என்றால் பிரித்தெடுத்தல். குழாய் வழியாக அன்றி நேரே இரத்தத்தில் சுரப்பதால் 'எண்டோகிரைன்' என்ற பெயர். பள்ளிப் பாடநூல்களின் 'நாளமில்லா' இதைத்தான் சொல்கிறது. 'ஹார்மோன்' என்ற சொல்லை 1905இல் பிரிட்டிஷ் உடலியலாளர் எர்னஸ்ட் ஸ்டார்லிங் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அதன் கிரேக்க வேர் 'தூண்டி இயக்கு' என்ற பொருளுடையது. 'இயக்குநீர்' அதற்கு அச்சாகப் பொருந்துகிறது. 'எண்டோகிரைன் டிஸ்ரப்டர்' என்ற முழுத்தொடர் பிறந்தது 1991இல், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து விங்ஸ்பிரெட் அரங்கில் விலங்கியலாளர் தியோ கோல்பார்ன் கூட்டிய அறிவியலாளர் சந்திப்பில்.

சுரப்பியை விட்டு இயக்குநீரைப் பிடித்துக்கொள்ளக் காரணம் உண்டு. பெரும்பாலான நேரங்களில் சுரப்பி நலமாகவே இருக்கும், பிசகுவது இயக்குநீர் சுமந்துசெல்லும் செய்தி. சில பொருள்கள் பெண் இயக்குநீரான ஈஸ்ட்ரோஜென்போல நடித்து, அது வந்து பொருந்த வேண்டிய உயிரணுவின் ஏற்பியில் அமர்கின்றன. டிடிடி என்ற பூச்சிக்கொல்லியின் சிதைபொருளான டிடிஇ, ஆண் இயக்குநீரின் ஏற்பியை அடைத்துவிடுகிறது. பெர்குளோரேட் என்ற உப்பு தைராய்டு சுரப்பிக்குள் அயோடின் நுழைவதைத் தடுப்பதால் இயக்குநீர் உற்பத்தியே குறைகிறது. 'சுரப்பிச் சீர்குலைப்பான்' என்றால் இந்த மூன்றும் சுரப்பியின் நோய்போலத் தோன்றிவிடும்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2002 வரையறை கறாரானது. பொருள் வெளியிலிருந்து வர வேண்டும். இயக்குநீர்த் தொகுதியின் வேலையை மாற்ற வேண்டும். அந்த மாற்றத்தால் உயிரிக்கோ அதன் வழித்தோன்றலுக்கோ கேடு விளைய வேண்டும். சோதனைக் குழாயில் ஏற்பியோடு ஒட்டியது என்பதை மட்டும் வைத்து ஒரு பொருளைக் குலைப்பி என்று அழைப்பது தவறு. ஊடகச் செய்திகளில் அடிக்கடி நடக்கும் தவறும் இதுவே.

வரையறைக்கு முழுதாகப் பொருந்தும் சான்று கனடாவின் ஒண்டாரியோவில், ஆய்வுக்கென ஒதுக்கப்பட்ட ஏரிகளுள் 260ஆம் எண் ஏரியில் கிடைத்தது. கருத்தடை மாத்திரையில் உள்ள எத்தினைல்எஸ்ட்ராடையாலை 2001 முதல் மூன்று கோடைகளில் லிட்டருக்கு 5 முதல் 6 நானோகிராம் அளவில் கலந்தார்கள். 100 கோடி லிட்டர் தண்ணீரில் 5 கிராம் என்பதுதான் அந்த அளவு. பெண் மீனின் கல்லீரல் முட்டைக்காகச் செய்யும் விட்டெலோஜெனின் என்ற புரதம் ஆண் மீன்களில் பெருகியது. விந்தகத்தின் வளர்ச்சி பிறழ்ந்தது. ஃபேட்ஹெட் மின்னோ என்ற சிறுமீன் ஏறக்குறைய அற்றுப்போனது. இரை குறையவே, அதைத் தின்னும் ட்ரவுட் மீன்களும் குறைந்தன. மீன் மொத்தமாகச் செத்து மிதக்கவில்லை. இனப்பெருக்கம் நின்றதால் இனம் தேய்ந்தது. 'நஞ்சு' என்ற பழைய சொல் இங்கே போதாமல் போவது இதனால்தான்.

கடலில் இதற்கு இணையான சான்று, கப்பலின் அடிப்பாகத்துக்குப் பூசிய சாயத்தில் இருந்த டிரைபியூட்டைல்டின். லிட்டருக்கு 1 நானோகிராம் அளவிலேயே சில பெண் நத்தைகளில் ஆணுறுப்பு முளைத்தது. முற்றிய நிலையில் முட்டைக்குழாய் அடைபட்டது. இதற்கான பன்னாட்டுத் தடை 2008இல் நடைமுறைக்கு வந்தது.

இவ்வளவு நுண்ணிய அளவுகளை அளக்கும்போது ஆய்வகமே மாதிரியைக் கெடுத்துவிடும். பாஸ்டனில் ஆய்வாளர்கள் அனா சோட்டோவும் கார்லோஸ் சொனென்ஷைனும் வளர்த்த மார்பகப் புற்றணுக்கள், ஈஸ்ட்ரோஜென் சேர்க்காமலே பெருகின. பாலிஸ்டைரின் என்ற பிளாஸ்டிக்கால் ஆன குழாயிலிருந்து கசிந்த, ஈஸ்ட்ரோஜென்போல நடிக்கும் நோனைல்ஃபீனால்தான் காரணம் என்று 1991இல் வெளியிட்டார்கள். அதனால் தண்ணீர் மாதிரியை, 400 டிகிரி செல்சியசுக்கு மேல் சில மணி நேரம் சுட்ட கண்ணாடிப் புட்டியில் எடுக்க வேண்டும். பிளாஸ்டிக் மூடி, வினைல் கையுறை இரண்டும் கூடாது. தூய நீர் நிரப்பிய வெற்று மாதிரி ஒன்றும் களத்துக்குப் போய்த் திரும்ப வேண்டும். அதிலும் பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் தாலேட் அதே அளவில் தென்பட்டால், ஆற்று நீரில் கிடைத்த எண்ணை நம்ப முடியாது.

எழுதும்போது நிகழ்வை 'இயக்குநீர்க் குலைவு' என்றும், பொருளைக் 'குலைப்பி' என்றும் பிரித்துக்கொள்ளலாம். ஐ.நா. அமைப்புகளின் 2012 அறிக்கை சுட்டிய ஏறத்தாழ 800 வேதிப்பொருள்களில், உறுதியானவற்றோடு ஐயத்துக்குரியவையும் கலந்துள்ளன. பின்னவற்றை 'ஐயத்துக்குரிய குலைப்பி' என்றே எழுத வேண்டும்.